சேலம் ஆபீஸ் விண்டோஸ் பிசிய ஏற்காட்டுல உக்காந்து மேக், லினக்ஸ் லேப்டாப்ல ஓட்டறது எப்படி

யாருக்காக எழுதறேன்னு முதல்ல சொல்லிடறேன். ஆபீஸோ கடையோ சேலத்துல இருக்கு, அங்க ஒரு விண்டோஸ் பிசி, டேலி, பில்லிங் சாஃப்ட்வேர், வருஷக்கணக்கான எக்செல் ஃபைல் எல்லாம் அதுலதான் கெடக்கு. உங்க கையில இருக்கறதோ மேக்புக், இல்லன்னா உபுண்டு போட்ட லேப்டாப், இல்லன்னா பசங்க படிப்புக்கு வாங்கின குரோம்புக். வீடு ஏற்காட்டுல இருக்கலாம், மழையில மலை எறங்க முடியாம இருக்கலாம், கைக்குழந்தை இருக்கலாம். அந்த ஆபீஸ் பிசிய அப்படியே உங்க லேப்டாப் ஸ்கிரீன்ல வரவெச்சு வேலை பாக்க முடியும், இதுக்குன்னு தனியா ஒரு விண்டோஸ் லேப்டாப் வாங்க வேண்டியதே இல்ல. நான் சேலத்துல கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றேன், கடைக்காரங்க, ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை செய்யறவங்க நெறைய பேர் இத கேக்கறாங்க, அதான் ஒரே எடத்துல எழுதி வெச்சுடலாம்னு.

இதுல வேலை எல்லாம் ஆபீஸ் பிசிலதான் நடக்கும். உங்க லேப்டாப்புக்கு வர்றது படம் மட்டும், இங்கருந்து போறது கீபோர்டு, மவுஸ் அசைவு மட்டும். அதனால உங்க லேப்டாப் பழசா இருந்தாலும் பரவால்ல, 4 ஜிபி ரேம் போதும். மைக்ரோசாஃப்ட் இதுக்கு வெச்சிருக்கற முறைக்கு ஆர்டிபின்னு பேரு, 1998ல விண்டோஸ் என்டி சர்வர் காலத்துலயே வந்தது, மேக், லினக்ஸ் எல்லாத்துக்கும் இதுக்கு ஆப் இருக்கு, எல்லாமே இலவசம்.

ஒண்ணே ஒண்ண மனசுல வெச்சுக்கங்க. ரிமோட் கனெக்ஷன் வரலன்னு என்கிட்ட வர்றவங்க எல்லாருமே அவங்க லேப்டாப்பத்தான் தூக்கிட்டு வர்றாங்க, ஆனா பிரச்சனை பெரும்பாலும் ஆபீஸ் பிசிலதான் இருக்கும். பாஸ்வேர்டு, ஸ்லீப், எடிஷன் இப்படி ஏதாவது ஒண்ணு. அத மேல இருந்துக்கிட்டு சரி பண்ண முடியாது, 20 கொண்டை ஊசி வளைவும் எறங்கி வந்துதான் ஆகணும். அதனால கீழ சொல்றத எல்லாம் ஆபீஸ் பிசி முன்னாடி உக்காந்துக்கிட்டே, லேப்டாப்பையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு செஞ்சு பாத்துட்டு அப்பறம் மலை ஏறுங்க.

ஆபீஸ் பிசிய தயார் பண்றது

முதல்ல எடிஷன் பாருங்க. செட்டிங்ஸ் போயி சிஸ்டம், அதுல அபௌட், அங்க விண்டோஸ் ஸ்பெசிஃபிகேஷன்ஸ்க்கு கீழ எடிஷன்னு போட்டிருக்கும். ப்ரோன்னு இருந்தா நிம்மதி, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் இருந்தாலும் சரிதான். ஹோம்னு இருந்தா ஆர்டிபி வழியா அந்த பிசிக்குள்ள வெளிய இருந்து வர முடியாது, மைக்ரோசாஃப்டே ஹோம்ல அந்த வசதிய குடுக்கல. காசு குடுத்து ப்ரோவுக்கு மாத்திக்கலாம், இல்லன்னா கீழ சொல்ற குரோம் ரிமோட் டெஸ்க்டாப்ப போட்டுக்கலாம். இணையத்துல எதையோ எறக்கி ஹோம்லயே ஆர்டிபி ஓடவெக்கற பேட்ச் எல்லாம் கெடைக்குது, கணக்கு வழக்கு இருக்கற பிசில அத தயவு செஞ்சு போடாதீங்க, லைசன்ஸ் விதிக்கும் விரோதம், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஒடஞ்சு போகும், உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

விண்டோஸ் 10லயே ஓடிட்டிருக்குன்னா ரிமோட் வேலை செய்யும்தான், ஆனா அதுக்கு மைக்ரோசாஃப்ட் குடுத்துட்டிருந்த சாதாரண சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு. வெளிய இருந்து உள்ள வர்ற மாதிரி ஒரு பிசிய வெக்கப் போறீங்கன்னா 11க்கு மாத்தறது நல்லது.

எடிஷன் சரின்னா, அதே சிஸ்டம் பக்கத்துல ரிமோட் டெஸ்க்டாப்னு ஒரு வரி இருக்கும், உள்ள போயி ஆன் பண்ணுங்க, கன்ஃபர்ம் கேக்கும், குடுங்க. அங்கயே பிசி பேரு காட்டும், அத ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க.

அடுத்தது பாஸ்வேர்டு. இங்கதான் நெறைய பேர் மாட்டிக்கறாங்க. எங்க சித்தப்பா பொண்ண நாகலூர் பக்கம் கட்டிக் குடுத்திருக்கு, செவ்வாப்பேட்டைல ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு கணக்கு எழுதறா, மேக்புக் வெச்சிருக்கா. ஒரு நாள் காலைல போன். "அண்ணா, பாஸ்வேர்டு தப்புங்குது, ஆனா கடைல அதே நம்பர் போட்டா டக்குனு உள்ள போகுதே." நம்பர்னு சொன்னதும் தெரிஞ்சு போச்சு, அது பாஸ்வேர்டே இல்ல, பின். பின்ங்கறது அந்த பிசி முன்னாடி உக்காந்து அடிக்கறதுக்கு மட்டும்தான், ரிமோட்ல அது செல்லாது. முகம் காட்டி, விரல் வெச்சு தொறக்கறதும் அப்படித்தான். ரிமோட்டுக்கு ஒரிஜினல் பாஸ்வேர்டு வேணும். பாஸ்வேர்டே இல்லாம என்டர் தட்டினா தொறக்கற பிசியா இருந்தா அதுவும் ஆகாது, வெறும் பாஸ்வேர்டோட ரிமோட்ல வர்றவங்கள விண்டோஸ் உள்ள விடாது.

மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணின பிசின்னா யூசர்நேம் எடத்துல முழு ஈமெயில் ஐடி, பாஸ்வேர்டு எடத்துல அந்த ஈமெயில் பாஸ்வேர்டு. ஆனா எப்பவுமே பின் போட்டே பழகின பிசின்னா அந்த பாஸ்வேர்ட ஒரு தடவ கூட அங்க அடிச்சிருக்க மாட்டீங்க, அப்ப சரியான பாஸ்வேர்டு குடுத்தாலும் தப்புன்னு சொல்லும் பாருங்க, அதுக்கு அக்கவுண்ட்ஸ்ல சைன் இன் ஆப்ஷன்ஸ் போயி விண்டோஸ் ஹலோ, அதான் பின், முகம், விரல், மட்டும்தான் வேணும்ங்கற மாதிரி ஒரு சுவிட்ச் இருக்கும், அத ஆஃப் பண்ணிட்டு, லாக் பண்ணி, பாஸ்வேர்டாலயே ஒரு தடவ உள்ள வந்துட்டா சரியாயிடும்.

என்னைக் கேட்டா இந்த வம்பே வேண்டாம், ரிமோட்டுக்குன்னு தனியா ஒரு லோக்கல் யூசர் போட்டுருங்க. அக்கவுண்ட்ஸ்ல அதர் யூசர்ஸ், அதுல ஆட் அக்கவுண்ட், அவங்க சைன் இன் விவரம் என்கிட்ட இல்லங்கற லிங்க், அடுத்த பக்கத்துல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாம யூசர் சேர்க்கற லிங்க். பேரு இங்கிலீஷ்ல சின்னதா வைங்க, பாஸ்வேர்டு நல்லா நீளமா வைங்க, கடைப் பேரும் 123ம் வேண்டாம். அப்பறம் மறுபடி ரிமோட் டெஸ்க்டாப் பக்கத்துக்கு போயி ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்ல இந்தப் பேர சேர்த்துருங்க, இத விட்டுட்டா அந்த யூசருக்கு அனுமதி இல்லன்னு வரும். புது யூசர்னா டெஸ்க்டாப் காலியாதான் இருக்கும், பயந்துராதீங்க, டி டிரைவ்ல இருக்கற டேலி டேட்டா பெரும்பாலும் எப்பவும் போல தெரியும், ஆனா பழைய யூசரோட டெஸ்க்டாப்ல, டாக்குமெண்ட்ஸ்ல வெச்ச ஃபைல் வராது, அதெல்லாம் பொதுவா ஒரு எடத்துக்கு மாத்தி வெச்சுக்கங்க.

இருக்கற யூசரோடதான் வருவேன், ஆனா யூசர்நேம் என்னன்னு தெரியலன்னா, கமாண்ட் ப்ராம்ப்ட தொறந்து 'ஹூ ஆம் ஐ'ங்கறத இங்கிலீஷ்ல இடைவெளி விடாம ஒரே வார்த்தையா அடிச்சு என்டர் தட்டுங்க, பிசி பேரும் யூசர் பேரும் சேந்து வரும்.

ஸ்லீப். செட்டிங்ஸ்ல பவர் பக்கத்துக்கு போயி, கரண்ட்ல ஓடறப்ப ஸ்லீப் நெவர்னு வெச்சுருங்க. ஸ்கிரீன் அணையறது அணையட்டும், பிசி தூங்கக் கூடாது, தூங்கிட்டா வெளிய இருந்து யாராலயும் தொட முடியாது.

கரண்ட் கட் விஷயத்த யாரும் யோசிக்கறதில்ல. மாசாந்திர பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு நிறுத்தினா மதியமோ சாயங்காலமோதான் வரும், சின்ன யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. கரண்ட் வந்ததும் பிசி தானா ஆன் ஆகணும்னா பயாஸ்ல, அதான் பிசி ஆன் ஆகறப்ப விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி தொறக்கற செட்டிங்ஸ்ல, ஒரு செட்டிங் இருக்கு, ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்னோ ஆஃப்டர் பவர் ஃபெயிலியர்னோ மதர்போர்டப் பொறுத்து பேர் மாறும், அத பவர் ஆன்னு வெச்சு சேவ் பண்ணுங்க. சேலத்துல ஞாயித்துக்கெழம கடை பூட்டியிருக்கறப்ப கரண்ட் போயி வந்தா இந்த ஒரு செட்டிங்தான் உங்கள காப்பாத்தும். பிசிய யுபிஎஸ்ல போட்டுட்டு ரவுட்டர சாதா பிளக்ல விட்டுராதீங்க, நெட்டு போயிட்டா பிசி ஓடி என்ன பிரயோஜனம்.

ஒரே வைஃபைல வெச்சு சோதனை

இப்ப லேப்டாப்ப ஆபீஸ் வைஃபைலயே சேருங்க. பிசியோட ஐபி முகவரி வேணும், நெட்வொர்க் செட்டிங்ஸ்ல ப்ராப்பர்டீஸ் பாத்தா ஐபிவி4னு 192.168ல ஆரம்பிக்கற மாதிரி ஒண்ணு பெரும்பாலும் இருக்கும்.

மேக்னா ஆப் ஸ்டோர்ல விண்டோஸ் ஆப்னு தேடுங்க, மைக்ரோசாஃப்ட் போட்டதான்னு பாத்துக்கங்க. பழைய ஆளுங்க மைக்ரோசாஃப்ட் ரிமோட் டெஸ்க்டாப்னு சொல்லுவாங்க, அதேதான், 2024 செப்டம்பர்ல பேர மாத்திட்டாங்க, அதனால பழைய வீடியோ பாத்து தேடறவங்களுக்கு கெடைக்காம போகுது. தொறந்து மேல பிளஸ் குறி, அதுல ஆட் பிசி, பிசி நேம் எடத்துல ஐபிய போடுங்க, கிரெடென்ஷியல்ஸ்ல யூசர்நேம், பாஸ்வேர்டு, அவ்வளவுதான், ஆட் பண்ணிட்டு டபுள் கிளிக். புது மேக் ஓஎஸ்ல முதல் தடவ லோக்கல் நெட்வொர்க்ல இருக்கற மெஷின தேட அனுமதிக்கவான்னு ஒண்ணு கேக்கும், அவசரத்துல வேண்டாம்னு தட்டிட்டா அப்பறம் எத்தன தடவ முயற்சி பண்ணாலும் கனெக்ட் ஆகாது, சிஸ்டம் செட்டிங்ஸ்ல ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதுல லோக்கல் நெட்வொர்க் போயி விண்டோஸ் ஆப்ப ஆன் பண்ணணும்.

உபுண்டுன்னா ரெம்மினாங்கற ஆப். சில நேரம் உபுண்டு கூடவே வந்திருக்கும், இல்லன்னா சாஃப்ட்வேர் சென்டர்ல தேடினா கெடைக்கும். மேல இடது பக்கம் ஆர்டிபின்னு இருக்கான்னு பாத்து, பக்கத்து கட்டத்துல ஐபிய அடிச்சு என்டர் தட்டுங்க, யூசர்நேம், பாஸ்வேர்டு கேக்கும், டொமைன்னு இருக்கறத காலியா விட்டுருங்க. தெனமும் பயன்படுத்தப் போறீங்கன்னா பிளஸ் குறிய அமுக்கி ப்ரொஃபைலா சேவ் பண்ணி வைங்க, ரெசல்யூஷன், கலர் டெப்த், ஃபோல்டர் ஷேர் எல்லாம் அங்கதான் இருக்கு.

ரெண்டுலயும் முதல் தடவ சர்டிஃபிகேட்ட நம்பலாமான்னு எச்சரிக்கை வரும். உங்க பிசி தானே போட்டுக்கிட்ட சர்டிஃபிகேட் அது, அதான் அப்படி கேக்குது, பக்கத்துலயே பிசிய வெச்சுக்கிட்டு பண்றதால தைரியமா சரின்னு குடுக்கலாம். ஆனா நாலு மாசம் கழிச்சு சம்பந்தமே இல்லாம சர்டிஃபிகேட் மாறியிருக்குன்னு சொன்னா அப்படியே ஓகே தட்டாம ஆபீஸ்ல யாராவது பிசிய மாத்தினாங்களா, விண்டோஸ் திரும்ப போட்டாங்களான்னு கேட்டுட்டு தட்டுங்க.

நீங்க உள்ள நுழைஞ்சதும் ஆபீஸ் பிசியோட ஸ்கிரீன் லாக் ஆயிடும். அங்க ஒருத்தர் பில் போட்டுட்டிருந்தா அவர் வேலை நின்னு போகும். சாதாரண விண்டோஸ் 10, 11ல ஒரு நேரத்துல ஒரு ஆள்தான், அது சேலத்துல உக்காந்திருக்கறவரா, மேல இருக்கறவரான்னு நீங்களே பேசி வெச்சுக்கணும். லீ பஜார் மாதிரி எடத்துல காலைல சரக்கு எறங்கற நேரத்துல கவுண்டர் பிசிக்குள்ள போயி நுழைஞ்சீங்கன்னா என்ன நடக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. ரிமோட்டுக்குன்னு கவுண்டர்ல இல்லாத ஒரு தனி பிசிய ஒதுக்கிட்டா எல்லாருக்கும் நல்லது.

வெளிய இருந்து வர்றது, ரொம்ப கவனம் வேண்டிய எடம்

ஆபீஸ் வைஃபைல வந்த 192.168 முகவரி ஏற்காட்டுல வேலை செய்யாது, அது அந்த ஆபீசுக்குள்ள மட்டும்தான். அப்ப என்ன பண்றதுன்னு தேடினா, ரவுட்டர்ல 3389ங்கற போர்ட்ட ஃபார்வர்டு பண்ணுங்கன்னு, அதாவது ஆர்டிபி உள்ள வர்ற வாசல வெளி இணையத்துக்கு தொறந்து விடுங்கன்னு, நெறைய எடத்துல சொல்லுவாங்க. அத பண்ணாதீங்க. எவ்வளவு தெரிஞ்சவங்க சொன்னாலும் பண்ணாதீங்க. 3389 தொறந்திருக்கறது, செவ்வாப்பேட்டை கடைய ராத்திரி ஷட்டர் எறக்காம விட்டுட்டு வீட்டுக்குப் போறதுதான். உலகம் பூரா தொறந்த 3389 எங்க இருக்குன்னு தேடறதுக்குன்னே புரோகிராம் ஓடிட்டிருக்கு, கண்டுபிடிச்சதும் பாஸ்வேர்ட மாத்தி மாத்தி அடிச்சுப் பாக்கும், உள்ள வந்துட்டா ஃபைல் எல்லாத்தையும் பூட்டிட்டு காசு கேக்கற ரான்சம்வேர் போடறதுக்கு இது பழகின வழி. 2019 மே மாசம் ப்ளூகீப்னு ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு, பழைய விண்டோஸ்ல பாஸ்வேர்டே இல்லாம ஆர்டிபி வழியா உள்ள வரலாம்ங்கற அளவுக்கு, சப்போர்ட் எப்பவோ முடிஞ்ச எக்ஸ்பிக்கு கூட மைக்ரோசாஃப்ட் பேட்ச் விட்டாங்க, அவ்வளவு பெரிய ஆபத்து. 3389க்கு பதிலா வேற நம்பர் போட்டா தப்பிச்சுக்கலாம்னு நெனைக்காதீங்க, அதையும் கண்டுபிடிக்கும். அதுவும் போக, இப்ப நெறைய நெட் கனெக்ஷன்ல உங்களுக்குன்னு தனி பப்ளிக் ஐபியே தர்றதில்ல, பல வீட்டுக்கு ஒரே ஐபி, அதுல ஃபார்வர்டு பண்ணாலும் வேலை செய்யாது.

சரியான வழி விபிஎன், அதாவது இணையத்துக்குள்ளயே உங்க மெஷினுங்களுக்கு மட்டும் போடற ஒரு தனி ரகசியப் பாதை. சின்ன ஆபீசுக்கு நான் போட்டுக் குடுக்கறது டெயில்ஸ்கேல், வயர்கார்டுங்கற முறைய அடிப்படையா வெச்சது, தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசத் திட்டம் இருக்கு, கடைக்கு, கம்பெனிக்குன்னா அவங்க விதிமுறைய ஒரு தடவ படிச்சுட்டு தேவைப்பட்டா கட்டிக்கங்க. ரவுட்டர்ல கையே வெக்க வேண்டியதில்ல.

ஆபீஸ் பிசில டெயில்ஸ்கேல் இன்ஸ்டால் பண்ணி கூகுள் அக்கவுண்ட்லயோ மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்லயோ லாகின் பண்ணுங்க. உங்க மேக்லயோ லினக்ஸ்லயோ அதே மாதிரி போட்டு அதே அக்கவுண்ட்ல லாகின். இப்ப ரெண்டுக்கும் 100ல ஆரம்பிக்கற ஒரு முகவரி வந்திருக்கும். விண்டோஸ் ஆப்லயோ ரெம்மினாலயோ பழைய 192.168 எடத்துல ஆபீஸ் பிசியோட 100 முகவரிய போடுங்க, முடிஞ்சது. ரவுட்டர் மாத்தினாலும், நெட் கம்பெனி மாத்தினாலும் இந்த முகவரி மாறாது.

ஆனா ரெண்டு விஷயம் விட்டுராதீங்க. ஒண்ணு, ஆபீஸ் பிசில கீழ மூலைல இருக்கற டெயில்ஸ்கேல் ஐகானத் தட்டி ப்ரிஃபரென்சஸ்ல ரன் அன்அட்டெண்டட்ங்கறத டிக் பண்ணணும், இல்லன்னா யாராவது லாகின் பண்ணாதான் அது கனெக்ட் ஆகும், கரண்ட் போயி வந்து பிசி தானா ஆன் ஆகி லாகின் ஸ்கிரீன்லயே நிக்கறப்ப உங்களால உள்ள வர முடியாது, பயாஸ்ல செஞ்சதெல்லாம் வீண். ரெண்டு, டெயில்ஸ்கேலோட அனுமதி வழக்கமா 180 நாள்ல காலாவதி ஆயிடும், அவங்க வெப்சைட்ல அட்மின் பக்கத்துக்கு போயி ஆபீஸ் பிசி பேருக்கு நேரா மூணு புள்ளிய தட்டி கீ எக்ஸ்பைரிய டிசேபிள் பண்ணிருங்க, ஆபீஸ் பிசிக்கு மட்டும், லேப்டாப்புக்கு வேண்டாம், லேப்டாப் தொலைஞ்சு போனா அது காலாவதி ஆகறது நமக்கு நல்லதுதான். அந்த கூகுள் அக்கவுண்டுக்கு ரெண்டடுக்கு பாதுகாப்பு கட்டாயம் போடுங்க, இப்ப ஆபீஸ் சாவியே அதுதான்.

இப்ப லேப்டாப்ப ஆபீஸ் வைஃபைல இருந்து எடுத்துட்டு உங்க போன் ஹாட்ஸ்பாட்ல போட்டு கனெக்ட் பண்ணிப் பாருங்க. வந்துட்டா ஏற்காட்டுலயும் வரும். அப்பறம் பிசிய ரீஸ்டார்ட் பண்ணிட்டு, யாரும் தொடாம, மறுபடி கனெக்ட் பண்ணிப் பாருங்க. இந்த ரெண்டாவது சோதனைய முக்கால்வாசிப் பேர் பண்றதில்ல.

ஐடி கம்பெனில வேலை, ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் பார்க்ல ஆபீஸ்ங்கறவங்க இத எல்லாம் நீங்களா செய்யாதீங்க. உங்க ஐடி டீம் விபிஎன்னோ கேட்வேயோ குடுப்பாங்க, விண்டோஸ் ஆப்ல பிசி சேர்க்கற எடத்துலயே கேட்வே போட ஒரு கட்டம் இருக்கு. சில கம்பெனில பிரவுசர்லயே தொறக்கற மாதிரி விண்டோஸ் குடுத்திருப்பாங்க, அப்ப லினக்ஸ், குரோம்புக் எதுலயும் ஒண்ணுமே போட வேண்டாம்.

ஹோம் எடிஷனும் குரோம்புக்கும்

குரோம் ரிமோட் டெஸ்க்டாப் ஹோம் எடிஷன்லயும் ஓடும். ஆபீஸ் பிசில குரோம் தொறந்து ரிமோட்டெஸ்க்டாப் டாட் கூகுள் டாட் காம் போயி, ரிமோட் ஆக்சஸ செட்டப் பண்ணி, 6 இலக்கத்துக்கு குறையாம ஒரு பின் வெச்சுருங்க. குரோம்புக்ல அதே கூகுள் அக்கவுண்டோட அதே பக்கத்த தொறந்தா பிசி பேரு தெரியும், பின்ன போட்டா உள்ள. சுலபம்தான். ஆனா இதுல ஆபீஸ் ஸ்கிரீன் லாக் ஆகாது, நீங்க பண்றது எல்லாம் அங்க மானிட்டர்ல அப்படியே ஓடும், சம்பளக் கணக்கு போடறப்ப அத யோசிச்சுக்கங்க.

இந்த மாதிரி ஆப் பத்தி பேசறப்ப இதையும் சொல்லணும். பேங்க்ல இருந்து பேசறோம், ஒரு ஆப் போடுங்க, அதுல வர்ற நம்பர சொல்லுங்கன்னு யார் கூப்பிட்டாலும் போன வெச்சுருங்க, 2019 பிப்ரவரிலயே ரிசர்வ் வங்கி இதப் பத்தி எச்சரிக்கை விட்டாச்சு. ரிமோட்ங்கறது நீங்க உங்க பிசிக்குள்ள போறதுக்கு மட்டும்தான்.

டேலி, கீபோர்டு, ஜிஎஸ்டி சாவி

மேக்ல டேலி ஓட்டறவங்க முதல் நாளே தடுமாறுவாங்க. எஃப்8 தட்டினா சேல்ஸ் வவுச்சர் வராது, மேக்கோட பாட்டு நிக்கும், எஃப்5 தட்டினா வேற என்னமோ நடக்கும். சிஸ்டம் செட்டிங்ஸ்ல கீபோர்டு, கீபோர்டு ஷார்ட்கட்ஸ், ஃபங்ஷன் கீஸ் போயி எஃப்1, எஃப்2 எல்லாம் சாதாரண ஃபங்ஷன் கீயா வேலை செய்யணும்ங்கறத ஆன் பண்ணுங்க. இல்லன்னா ஒவ்வொரு தடவையும் எஃப்என் சேத்து அமுக்கணும், நாள் முழுக்க வவுச்சர் போடறவங்களுக்கு கை வலிதான் மிச்சம். ஆல்ட் எடத்துல ஆப்ஷன் கீ, அதனால லெட்ஜர் புதுசா போட ஆப்ஷனும் சியும். காப்பி, பேஸ்ட்டுக்கு மேக் பழக்கத்துலயே கமாண்ட் போட்டா விண்டோஸ் ஆப் பெரும்பாலும் புரிஞ்சுக்கும். ரெம்மினால வலது கண்ட்ரோலும் எஃப்பும் சேத்து அமுக்கினா ஃபுல் ஸ்கிரீன் போகும், வரும்.

இன்னொண்ணு, டேலி லைசன்ஸ் ரிமோட்ல ஓடுமான்னு உங்களுக்கு டேலி போட்டுக் குடுத்தவர்கிட்ட முன்னாடியே கேட்டுருங்க. தேதி நெருங்கினப்பறம் கேக்காதீங்க.

இப்ப முக்கியமான விஷயம், ஆடிட்டர் ஆபீஸ்காரங்க கவனிங்க. டிஎஸ்சி டோக்கன, அதான் கையெழுத்துக்கு குத்தற யுஎஸ்பி சாவி, ஆபீஸ் பிசில குத்தி வெச்சுட்டு ஆர்டிபில போயி சைன் பண்ணலாம்னு நெனைச்சா டோக்கனே இல்லன்னு சொல்லும். பிசி கெட்டுப் போகல, டோக்கனும் கெட்டுப் போகல. ஆர்டிபில போறப்ப விண்டோஸ் இந்த மாதிரி ஸ்மார்ட் கார்ட உங்க லேப்டாப் பக்கம்தான் தேடும், அங்க பிசில குத்தினத பாக்காது, அப்படித்தான் அத வடிவமைச்சிருக்காங்க. டோக்கன மேல எடுத்துட்டு வந்து மேக்லயோ லினக்ஸ்லயோ குத்தி, ஸ்மார்ட் கார்ட் ஷேர ஆன் பண்ணி முயற்சி பண்ணலாம், ஆனா மேக், லினக்சுக்கு அந்த டோக்கன் டிரைவர் சரியா அமையணும், அமைஞ்சா அதிர்ஷ்டம். சுலபமான வழி, சைன் பண்ற அந்த அஞ்சு நிமிஷத்துக்கு மட்டும் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்ல உள்ள போங்க, அது ஆபீஸ் ஸ்கிரீனையே காட்டறதால அங்க குத்தின டோக்கன் தெரியும். ஜிஎஸ்டில தனி நபர் வியாபாரம், பார்ட்னர்ஷிப்புக்கெல்லாம் ஈவிசி, அதான் போனுக்கு வர்ற ஓடிபிய போட்டு உறுதி பண்றது, போதும், கம்பெனி, எல்எல்பிக்குத்தான் டிஎஸ்சி கட்டாயம். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பின்னு ஓடறவங்க இத 5ஆம் தேதியே ஒரு தடவ சோதிச்சுப் பாத்துருங்க.

ஃபைல் அனுப்ப மெயில் வேண்டாம். விண்டோஸ் ஆப்ல பிசி எடிட்ல ஃபோல்டர்ஸ்னு ஒரு பக்கம் இருக்கு, ரெம்மினால ஷேர் ஃபோல்டர், உங்க லேப்டாப்ல ஒரே ஒரு ஃபோல்டர மட்டும் அதுல குடுங்க, உள்ள போனதும் திஸ் பிசில அது ஒரு டிரைவ் மாதிரி தெரியும். முழு ஹார்ட் டிஸ்க்கையும் ஷேர் பண்ணாதீங்க, அங்க வைரஸ் இருந்தா இங்கயும் கை நீட்டும்.

மலைல நெட்டு சுமாரா இருந்தா

ஒண்டிக்கடை பக்கம் சிக்னல் நல்லா இருக்கும், எஸ்டேட் உள்ள போகப் போக ஒவ்வொரு சிம்முக்கும் ஒவ்வொரு மாதிரி. மூடுபனி, இடி மழை சீசன்ல கரண்டும் போகும், டவரும் தொங்கும். ஆர்டிபிக்கு பெரிய ஸ்பீடு தேவையில்ல, நிலையா வந்தா போதும். ரெம்மினால கலர் டெப்த்த 16 பிட்டுக்கு கொறைங்க, குவாலிட்டிய பூர்னு வைங்க, சவுண்ட ஆஃப் பண்ணுங்க. மேக்ல டிஸ்ப்ளே பக்கத்துல ரெடினாவுக்கு ஆப்டிமைஸ் பண்றத எடுத்துருங்க, அனுப்ப வேண்டிய படம் ரொம்ப கொறையும். ஆபீஸ் பிசில வால்பேப்பர் வேண்டாம், வெறும் கலர் போதும். அந்த ரிமோட் ஸ்கிரீனுக்குள்ள யூடியூப் பாக்காதீங்க, பாக்கணும்னா உங்க லேப்டாப்லயே பாருங்க.

நடுவுல நெட் போயிட்டா பதற வேண்டியதில்ல. அங்க வேலை நிக்காது. என் தங்கச்சிக்கு ஒரு தடவ பெரிய மழைல நெட்டே போயி அர மணி நேரம் கழிச்சுத்தான் வந்துச்சு, திரும்ப உள்ள போனா பாதி அடிச்ச பர்ச்சேஸ் வவுச்சர் அப்படியே இருக்கு, மூணாவது வரில, ரேட் அடிக்கற கட்டத்துல கர்சர் சிமிட்டிட்டு நிக்குது. "சேவ் பண்ணவே இல்லண்ணா, எப்படிண்ணா இருக்குது"ன்னு கேட்டா. கனெக்ஷன் அறுந்ததுதான், பிசி அங்க ஓடிட்டேதானே இருக்கு.

அதே காரணத்துக்காக, வேலை முடிச்சு கெளம்பறப்ப ஷட் டவுன் மட்டும் தட்டிராதீங்க. பழக்க தோஷத்துல ஸ்டார்ட், பவர், ஷட் டவுன்னு போயிட்டா ஆபீஸ் பிசி நெசமாவே அணைஞ்சு போகும், கடைல யாராவது போயி பட்டன அமுக்கற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது. வேலை பாதில இருந்தா டிஸ்கனெக்ட், முடிஞ்சிருந்தா சைன் அவுட்.

கனெக்ட் ஆகலன்னா

மேக்ல 0எக்ஸ்204ன்னு எர்ரர் வந்தா பிசிய போயிச் சேரவே முடியலன்னு அர்த்தம். முதல்ல டெயில்ஸ்கேல் ஆப்ல ஆபீஸ் பிசி ஆன்லைன்ல இருக்கான்னு பாருங்க. ஆஃப்லைன்னு காட்டினா கரண்டு, நெட்டு, ஸ்லீப் இந்த மூணுல ஒண்ணு, கடைக்கு போன் பண்ணுங்க. ஆன்லைன்ல இருந்தும் வரலன்னா ரிமோட் டெஸ்க்டாப் சுவிட்ச யாராவது ஆஃப் பண்ணியிருக்கணும், இல்ல புதுசா போட்ட ஆன்டிவைரஸோட ஃபயர்வால் தடுத்துட்டிருக்கும்.

பாஸ்வேர்டு தப்புன்னு வந்தா, திரும்பத் திரும்ப அடிச்சுட்டே இருக்காதீங்க, புது விண்டோஸ் 11ல 10 தடவ தப்பா போனா அக்கவுண்ட 10 நிமிஷம் பூட்டிரும். யூசர்நேமுக்கு முன்னாடி பிசி பேரையும் பேக்ஸ்லாஷையும் சேத்துப் போட்டுப் பாருங்க, பல நேரம் அதுலயே சரியாகும். கேப்ஸ் லாக்க பாருங்க. தமிழ் கீபோர்டு ஆன்ல இருக்கான்னும் பாருங்க, தமிழ் 99 போட்டு வெச்சிருக்கறவங்களுக்கு பாஸ்வேர்டு கட்டத்துல புள்ளி மட்டும் தெரியறதால அது கண்ணுக்கே தெரியாது.

உள்ள போயி கறுப்பு ஸ்கிரீன் மட்டும் நின்னா ஒரு நிமிஷம் பொறுங்க, அப்பறமும் வரலன்னா ஜன்னல மூடிட்டு திரும்ப கனெக்ட் பண்ணுங்க.

வேலைய விட்டு யாராவது போயிட்டா, அன்னிக்கே அவங்க லோக்கல் யூசர ஆபீஸ் பிசில இருந்து எடுத்துருங்க, டெயில்ஸ்கேல் அட்மின் பக்கத்துல அவங்க லேப்டாப்பையும் ரிமூவ் பண்ணிருங்க, கூகுள் அக்கவுண்ட் பொதுவா இருந்தா அந்த பாஸ்வேர்டையும் மாத்திருங்க.